பெயரைச் சொல்லி வாங்கிய பணம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். எங்கள் ஊருணிக்கரைப் புளியமரத்தில் முனி இருக்கிறது என்று ஆம்பிளைகளே சுற்றிக்கொண்டு போவார்கள், நான் அதனடியில்தான் சுள்ளி பொறுக்குவேன். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்தும் கோணல்மாணலாகத்தான் வரும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் பேசவே மாட்டார், செருமுவார். இரண்டு செருமல். அதைக் கேட்டதும் நான் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் கையில் இருக்கிறது பறந்து வரும், ஒரு தடவை பித்தளைச் செம்பு வந்தது, அந்த வடு இன்றைக்கும் என் புருவத்தில் இருக்கிறது. யார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதலில் அந்தச் செருமல், பிறகு "என்னாங்குற" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவர் பேச்சு.

மகள் பிறந்த ஆறாவது மாதம் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார். ஒரே ஒரு கடிதம் வந்தது. அப்புறம் சப்பான்காரன் சண்டை வந்தது, கடிதம் நின்றது, சண்டை ஓய்ந்தது, சுதந்திரமும் வந்தது, அவர் வரவில்லை. நான் மாமியார் வீட்டில் அவள் அளந்து போடுகிற அரிசியில் பிள்ளையை வளர்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு நாள் விளக்குமாறு விற்க அறந்தாங்கிச் சந்தைக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. தாலுகா கச்சேரி வராந்தாவில் ஒதுங்கினேன். எனக்கு ஒரு பழக்கம், அச்சடித்த காகிதம் எதுவாக இருந்தாலும் படிப்பேன், கடலை மடித்த காகிதத்தைக்கூட விட மாட்டேன். அங்கே ஒரு பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. மலாயாவில் இறந்துபோனவர்களின் பணம் சர்க்கார் கஜானாவில் இருக்கிறது, வாரிசு இன்ன காலத்துக்குள் வராவிட்டால் அது சர்க்காரையே சேரும் என்று போட்டு, கீழே பெயர்கள். ஒன்பதாவது பெயர் அவருடையது. தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனதில் வந்தது ஒரு குடிசை. எனக்கும் என் மகளுக்கும் தனியாக, கதவு வைத்த ஒரு குடிசை.

மாமியாரிடம் சொன்னேன். அவள் உரலில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"எங்கிட்டோ ஒருத்தன் எழுதி ஒட்டுனா எம்புள்ள செத்துருவானா? ஒனக்குத்தான்டி அவசரம். காசுன்னதும் தாலி கனக்குதாக்கும்."

"அத்தே, சர்க்காரு எழுதியிருக்கு."

"சர்க்காரா பெத்துச்சு அவன?"

காரியம் செய்யவும் விடவில்லை, சாட்சிக்கு வரவும் மாட்டேன் என்றுவிட்டாள். மணியக்காரரிடம் நான்கு நாள் நடந்து வாரிசுக் காகிதம் வாங்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இறந்தவரோட சம்சாரம்னு மனு குடுக்குறீங்க. கழுத்துல தாலி, நெத்தியில பொட்டு. இதுல யாரு செத்தது?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போகும்போது பஸ்ஸிலேயே, ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, தாலியை நானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். பொட்டையும் அழித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் மாறிப் போய்விட்டாள். நல்ல உச்சி வெயில். நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், அந்தக் குமாஸ்தா மட்டும் இருந்தார். வாசலில் டவாலிச் சேவகர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சன்னலோரமாக மனு கொடுப்பவர்கள் உட்காரும் பெஞ்சு, அது காலியாக இருந்தது. உள்ளே வரும்போதே பார்த்தேன், உட்காரலாமா என்று யோசித்துவிட்டுப் பயந்து தரையில் உட்கார்ந்தேன்.

"பிரமாணம் சொல்லணும். இறந்தவர் பேரச் சொல்லுங்க."

இங்கேதான் வந்தது வினை. நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் நாக்கு வரவில்லை.

"எழுதிக் காட்டுறேங்க. எனக்கு எழுதத் தெரியும்."

"எழுதிக் காட்ட இதென்ன பரீட்சையா? வாயால சொல்லணும்மா. பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா? ஆயுசு குறைய அந்தாளுக்குத்தான் ஆயுசே இல்லையே."

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடியும் சொன்னேன். "கோழிக்குஞ்சு மாதிரி சொன்னா நான் என்னத்த எழுதறது? சத்தமாச் சொல்லுங்க, இல்லன்னா எடத்தக் காலி பண்ணுங்க." எனக்கு அந்தக் குடிசைக் கதவு ஞாபகம் வந்தது. அந்தக் கச்சேரிச் சுவரில் மோதுகிற மாதிரி பெயரைக் கத்தினேன்.

இரண்டு செருமல் கேட்டது.

எனக்குப் பின்னால், அந்தப் பெஞ்சில். நான் நினைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. பிறகு, "என்னாங்குற."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திரும்பவில்லை. குமாஸ்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் காகிதத்தில் ஊன்றியபடி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். மை ஊறிக் காகிதத்தில் பரவியது.

வாசலில் இருந்து டவாலி தலையை நீட்டினார். "அய்யா கூப்புட்டீங்களா?"

"இல்ல. இப்ப யாருய்யா உள்ள வந்தது?"

"யாரும் வரலிங்களே. நான் வாசல்லதான இருக்கேன்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் என்னிடம் மெல்ல, "ஒங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களாம்மா?" என்றார். ஒத்தைப் பிள்ளை என்றேன். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க" என்றார். முன்பு கேலி பேசிய ஆள், என் முகத்தையே பார்க்கவில்லை. வெளியே வரும்போது பெஞ்சைப் பார்க்காமல் இருக்க முந்தானையால் ஒரு பக்கம் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வந்தேன்.

வெயிலில் நடந்து, பஸ் ஏறி, ஊர் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கச்சேரியில் எத்தனையோ பேர் செருமுவார்கள், சன்னலுக்கு வெளியே எவனாவது நின்றிருப்பான், குமாஸ்தாவும் அதைத்தான் கேட்டிருப்பார். வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமியார் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உச்சிப் பொழுதுல அவன் வந்தான்" என்றாள்.

"யாரு அத்தே?"

"கொல்லப்பக்கம் நின்னு செருமுனான். உள்ள வாய்யா, சோறு திங்கிறியான்னு கேட்டேன். அவ எம்பேரச் சொல்லிக் கூப்புட்டா, அதான் வந்தேன்னான். அப்பறம் காணோம்."

நான் கச்சேரிக்குப் போனது அவளுக்குத் தெரியும். பெயரைச் சொன்னது எப்படித் தெரியும்? கிழவி பிள்ளை நினைப்பில் கனவு கண்டாள் என்று சொல்லுங்கள், நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"எங்கயோ கெடந்தவனக் கூப்புட்டவ நீ" என்றாள். "போகச் சொல்றதும் ஓன் பாடு. எங்கிட்டக் கேக்காத."

மூன்று மாதத்தில் பணம் வந்தது. கிழக்கே ஒரு துண்டு இடம் வாங்கிக் குடிசை போட்டேன், கதவு வைத்தேன், மகளோடு வந்துவிட்டேன். மாமியார் சாகிற வரைக்கும் என் வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பெயரை நான் மறுபடி சொல்லவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவும் இல்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் போட்டார்கள், மற்றவர்கள் வாசித்தார்கள், ஒன்றுமில்லை. ஆபீசுக்காரர் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு சீட்டில் எழுதி அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தேன். மற்றபடி மகளே பதில் சொல்லிவிடுவாள்.

போன சித்திரையில் மகள் வெளியூர் போயிருந்தாள். ஓட்டர் லிஸ்டு எடுக்க ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண். எனக்கு இப்போது சத்தமாகப் பேசினால்தான் காது கேட்கும், அவள் வாயைக் குவித்துக் கத்தினாள். "பாட்டி, தாத்தா பேரு என்ன?" அஞ்சறைப் பெட்டி உள்ளே இருக்கிறது, நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் முட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது, உட்கார்ந்தால் ஆள் வந்து தூக்கினால்தான் எழுந்திருப்பேன். அந்தப் பெண் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இனி என்ன என்று நினைத்து மெல்லச் சொன்னேன்.

அவள் எழுதிக்கொண்டே நிமிர்ந்து என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தாள்.

"தாத்தா உள்ளதான் இருக்காங்களா பாட்டி? நீங்க மக கூட மட்டும் இருக்கிறதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவங்க பேரையும் சேத்துக்கிறேன்."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இந்தக் காதுக்கு எப்படிக் கேட்கும். ஆனால் அந்தப் பெண் போய் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.