ஜாஸ்மி தாண்டிவிட்ட பதிவுகள்

ஜாஸ்மியைப் போலப் பயந்தாங்கொள்ளி எங்கள் ஆஸ்பத்திரியில் வேறு கிடையாது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகு கணவன் அபினேஷுக்குப் போன் போடுவாள். அபினேஷ் வளைகுடாவில் பார்த்த வேலை போய் வீட்டில் இருந்ததால், சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. பக்கத்து மேசை என்பதால் அத்தனை பயத்துக்கும் நான்தான் முதல் சாட்சி.

எங்களுக்கு நாகர்கோவிலில் ஒரு சர்வர், மார்த்தாண்டம் கிளையில் ஒரு சர்வர். இங்கே டாக்டர் எழுதுவது அங்கேயும், அங்கே எழுதுவது இங்கேயும் தானாகப் போய்ச் சேர வேண்டும். சேர்கிறதா என்று பார்ப்பது ஜாஸ்மியின் வேலை. இரண்டு சர்வரும் வெவ்வேறு பதிவுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிடாமலிருக்க, ஒற்றை எண்கள் எங்களுக்கு, இரட்டை எண்கள் அவர்களுக்கு என்று பிரித்திருந்தோம். இடி விழுந்து மார்த்தாண்டத்து மெஷின் கருகியபோது, புதியதை மாட்டிக் கொடுத்தவர்கள் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரண்டு ஊருக்கும் நடுவே லைன் அறுந்தது. மறுநாள் காலை லைன் வந்துவிட்டது, பதிவுகள் போகவில்லை. இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று மார்த்தாண்டத்து சர்வர் அடம்பிடித்து நின்றது. அங்கிருந்து மேனேஜர் சுயம்புராஜ் போன்மேல் போன்.

"மக்கா, சரியாச்சா? ஆளுகள் சண்டைக்கு வருது, கேட்டியா."

அவசரத்துக்கு இந்தத் தொழிலில் பலரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இடறும் பதிவை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாண்டிப் போகச் சர்வருக்குச் சொன்னாள். அடுத்தது இடறியது, அதையும் தாண்டினாள். கொஞ்ச நேரத்தில், எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சையானது. எனக்குக்கூட அப்பாடா என்றிருந்தது.

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. தாண்டியவை என்னென்ன என்று எடுத்துப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது. முதலாவது, தங்கப்பன் என்ற பெரியவருக்குப் பென்சிலின் ஆகாது என்று, லைன் இல்லாத நேரத்தில் இங்கே டாக்டர் எழுதிய குறிப்பு. அதே எண்ணில் அங்கே வேறு யாருக்கோ ஒரு குறிப்பு இருந்தது. தங்கப்பனுக்கு இன்று காலை மார்த்தாண்டத்தில்தான் ஆபரேஷன். அங்கே திரையில் பென்சிலின் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

"சொன்னா வேலை போயிரும், என்ன?" என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எண் தப்பித் தப்பி, ஒருவழியாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் செசிலி கிடைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்கா, தங்கப்பனுக்கு ஊசி போட்டாச்சா?"

"எனக்க கையிலதான் இருக்கு. ஏன்?"

"போடாதிய. அவருக்குப் பென்சிலின் ஆகாது. கம்ப்யூட்டர்ல வராதது நான் செஞ்ச தப்பு."

ஊசியைத் தட்டில் வைக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஆகாதுன்னு அவரு அப்பமே சொன்னாரு, ஜாஸ்மி," என்றார் செசிலி மெதுவாக. "நான்தான் கம்ப்யூட்டர பாத்துட்டு, அப்படி ஒண்ணும் இல்ல, பயப்படாதியன்னு சொன்னேன்."

ஜாஸ்மி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போனை வச்சிராதிய, எக்கா. தாண்டினது இன்னும் இருக்கு. ஒவ்வொரு பேரா வாசிக்கேன்."