மண்ணரையிலிருந்து ஒரு விநாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மரகதம் அக்காவைத் திட்டுவதற்காகத்தான் போனை எடுத்தேன். நாக்பூரில் என் ரேடியோவின் முன்னால் நானும், திருப்பூர் மண்ணரையில் தன் ரேடியோவின் முன்னால் அவரும் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். அவர் பெயர் வந்ததும் முதல் தடவை நான் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. “ஏனுங்க அக்கா, உங்க சட்டத்த நீங்களே ஒடைக்கறீங்களா?” என்று ஆரம்பித்தேன். பேசியது அவர் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர். “தம்பி, அக்கா போயிட்டாளுங்க. சேர்ல உக்காந்தவாக்குலயே போயிட்டா. ஆம்புலன்ஸ்காரங்க பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க.” பிறகு அவரே கேட்டார். “இந்த ரேடியோ அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குதுங்க. இத எப்படிங்க நிறுத்தறது?”

மேசைக்கு அடியில் இருக்கும் சிவப்புச் சுவிட்சை அமத்தச் சொன்னேன். அமத்தினார். அக்காவின் ரேடியோவை நிறுத்தும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கும் ரேடியோ நண்பர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவர். நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அதே கம்பெனியில் நூல் வாங்கும் பிரிவில் இருந்த வெள்ளகோவில்காரன் நான். பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்பிப் பெறும் அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கு இரண்டு பேரும் ஒரே நாளில்தான் பரீட்சை எழுதினோம். பிறகு பஞ்சு வாங்கும் வேலையாக நான் நாக்பூருக்குக் குடிபோனேன். ஊரை விட்டுப் போகிறேனே, ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். “இந்தத் தூரந்தானுங்க தம்பி எரிகல்லுக்கு அளவான தூரம்” என்று சந்தோஷப்பட்டார் மனுஷி!

வானத்தில் மணல் பருக்கை அளவு தூசி எரிகல்லாக எரிந்து விழும்போது அதன் தடம் ஒரு விநாடி நிற்கும். நாம் அனுப்பும் அலை அந்தத் தடத்தில் பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் ஒரே செய்தியைப் பதினைந்து விநாடி திரும்பத் திரும்ப அனுப்பும். அடுத்த பதினைந்து விநாடி வாயை மூடிக்கொண்டு எதிராளியைக் கேட்கும். ஒருவர் அழைக்க வேண்டும், மற்றவர் கேட்டது என்று சொல்ல வேண்டும், அது கிடைத்தது என்று முதலாமவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் தொடர்பு முழுமை. எங்கள் இருவருக்கும் இடையில் அப்படி முழுசாக ஒன்று வேண்டும் என்பதுதான் வருஷக்கணக்கில் எங்கள் ஆசை. தினமும் போனில் பேசுகிறவர்களுக்கு இதென்ன கிறுக்கு என்று என் வீட்டில் கேட்பார்கள். கிறுக்குதான்.

முதல் ஞாயிறு நடந்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல? முதல் பதினைந்து விநாடி யாருக்கு என்று முந்தின நாளே போனில் பேசினோம். “நீங்க மொதல்ல பேசுங்க அக்கா” என்றேன். “இல்லீங்க தம்பி, நீங்க மொதல்ல” என்றார். அவர் மனசு நோகக் கூடாது என்று நான் இரண்டாவதாகவே இருக்கட்டும் என்று வைத்தேன். என் மனசு நோகக் கூடாது என்று அவரும் இரண்டாவதையே வைத்தார். எதிராளி அழைப்பு வந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று இரண்டு பேரும் காலை முழுக்கக் காத்திருந்தோம். கொங்கு மரியாதை வானம்வரைக்கும் போயிற்று என்று அக்கா சொல்லிச் சிரித்தார். 

கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியை நான் எப்போதும் கூட்டி வைப்பேன். கூட்டினால் சிக்னல் கசங்கிப்போகும். “கத்துனா கேக்காதுங்க தம்பி, அளவாப் பேசோணும்” என்பார். கம்பெனியில் மேனேஜர் கத்தும்போதும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டைச் சுற்றிலும் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள். மிஷின் மோட்டார்கள் ஓடினால் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. அவை நிற்கிற ஞாயிறுதான் எங்களுக்கு நாள். அவசர ஷிப்மெண்ட் என்று ஞாயிறும் ஓட்டினால், “போச்சாதுங்க, எரிகல்லு அடுத்த வாரமும் உளுகும்” என்று எழுந்து சமையலைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போட்டேன். எதிராளியின் பதில் வந்ததும் அடுத்த செய்திக்குத் தானே மாறும் வசதி கம்ப்யூட்டரில் நாங்கள் ஓட்டும் மென்பொருளில் உண்டு. அதை அவர் அணைத்து வைத்திருந்தார். “மிஷினும் மிஷினும் பேசிக்கறதுக்கு நாம எதுக்குங்க வெடியால எந்திரிச்சு உக்காரோணும்?” கண்ணால் பார்த்து, கையால் தட்டினால்தான் அவருக்குத் திருப்தி. நெடுநேரம் யாரும் தொடாவிட்டால் ரேடியோவே நின்றுவிடும் வசதியையும், காத்திருக்கும்போது குறுக்கே வருகிறது என்று அணைத்துவிட்டார். பிடிவாதக்காரி.

மாமாவின் போன் வந்த அந்தக் காலை, அதற்கு முன்னால் அக்காவின் அழைப்பு எனக்குத் தெளிவாக வந்தது. கேட்டது என்று பதில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே அழைப்பு. பிறகும் அதே. பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் ஓடுகிறது போல, என் பதில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துப் பவரைக் கூட்டினேன். இன்னும் ஒரு எரிகல், இன்னும் ஒன்று என்று வெறி பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாமா காப்பி கொண்டுபோனபோதுதான் பார்த்திருக்கிறார். அக்கா எப்போது சாய்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

கருமாதிக்குப் போயிருந்தேன். “ஸ்கிரீன்ல உங்க நம்பரு வந்திருந்துச்சுங்க தம்பி” என்றார் மாமா. அவர் நம்பர் என்றது உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியை. என் பதில் மண்ணரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தட்டுவதற்கு ஒரு விரல் இல்லை. முடிந்த தொடர்பாகவே சேர்த்துக்கொள், அவருக்குச் செய்யும் மரியாதை என்று நண்பர்கள் சிலர் சொல்கிறீர்கள். மாட்டேன். அவர் உயிரோடிருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அது முடியவில்லை, இனி முடியாது. ஆசைப்பட்டதைக்கூட அரைகுறையிலேயே பறித்துக்கொள்ளும் இந்த விதியை என்ன சொல்லித் திட்ட?

என்னிடம் மிச்சம் இருப்பது என் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கடைசிச் சத்தம். ஒரு விநாடிகூட இல்லை. விண்ணென்று வந்து தேய்ந்துவிடும். மாமா கேட்க வேண்டும் என்றார். என் போனில் போட்டுக் கொடுத்தேன்; காதில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

“இது அவ போறதுக்கு முன்னாலீங்களா தம்பி, பொறகுங்களா?”

“முன்னாலதானுங்க மாமா” என்றேன். எனக்குத் தெரியாது.