அப்பா விட்டுப்போன பதினொரு சதவீதம்

மத்லூபா பதினாறு வருடமாகத் தாஷ்கந்தில் துணை மின்நிலையங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் என்றாலும் அசர மாட்டாள். சொந்த வீட்டு வாசலில் ஒரு கார் சார்ஜர் மாட்டத்தான் அவளுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவும் கார் ஓட்டியவர் போன பிறகு.

மின்சாரக் காரை அப்பாவுக்கு வாங்கித் தந்தவள் அவள். "அடுத்த மாசம் வீட்டுலயே சார்ஜர் போட்டுடலாம்ப்பா" என்றவளும் அவள். அப்பா ஹம்தம் விடியற்காலையில் சார்ஜிங் நிலையத்துக்குப் போய், வரிசையில் காத்துக் கிடந்து, திரும்பி வந்து பேட்டரி எத்தனை சதவீதம் என்று வாசலில் நின்றே அறிவிப்பார்: "தொண்ணூறு." மகள் பச்சைத் தேநீரைக் குடித்தபடி தலையாட்டுவாள். சார்ஜருக்கான வரைபடம் அவளிடம் தயாராக இருந்தது. மூன்று முறை திருத்தியும் வைத்திருந்தாள்.

அப்பா இறந்த முப்பத்துமூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் ரவ்ஷன் வந்தான். மீட்டரிலிருந்து வரும் பழைய ஒயரை மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது என்றான்.

அம்மா சலோமத் அப்பாவின் அறை வாசலை மறித்து நின்றாள். இறந்தவர் அறையில் நாற்பது நாள் விளக்கு அணையக் கூடாது. உள்ளே மேஜை விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

"ஏழு நாள் பொறுக்க மாட்டியா? பதினாலு மாசம் பொறுத்தவதானே நீ?"



"இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் வருவேன்" என்றான் ரவ்ஷன்.

அடுத்த மாசம் என்ற பேச்சே இனி அந்த வீட்டில் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

"விளக்கு அணையாதும்மா, நான் பொறுப்பு. கார்லேருந்தே கரண்ட் எடுக்கலாம். ஒன்பது வாட் பல்பு. பேட்டரி முழுசா இருந்தா இருநூத்தி எழுபத்தேழு நாள் எரியும்."

"உங்கப்பாவுக்கு நாப்பது போதும்டி."

காரைத் திறந்தாள். திரையில் ஏழு சதவீதம். பதினைந்துக்குக் கீழே அந்தக் கார் வெளியே கரண்ட் தராது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அப்பா கடைசியாக இறங்கியபோது அது பதினொன்று. அவர் விட்டுப்போன எண் மாறக் கூடாது என்று அவள் காரைச் சார்ஜ் செய்யவே இல்லை. தினமும் போய்த் திரையைப் போட்டு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே நான்கைத் தின்றிருந்தாள். பதினாறு வருட அனுபவம்.

"அக்கா, அந்த இருநூத்தி எழுபத்தேழு நாள்?" என்றான் ரவ்ஷன்.

"வாயை மூடிட்டு ஸ்குரூவைக் கழட்டு."

அதற்குள் அம்மா மதில் ஓரம் போய் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தாள். "துர்குன், ஒரு ஒயர் போடுப்பா." திராட்சைக் கொடிக்கு மேலாக நீள ஒயர் ஒன்று இறங்கியது.

"ஊருக்கே கரண்ட் குடுக்கிறவ வீட்டுக்கு நான் குடுக்கறேன்" என்றார் துர்குன் மதிலுக்கு அப்பாலிருந்து. "ஹம்தம் அண்ணன் இருந்தா இதைச் சொல்லியே ஒரு மாசம் ஓட்டியிருப்பாரு."

விளக்கைப் பிடுங்கி மாற்றிச் சொருகினால் ஒரு நொடி அணையுமே என்று மத்லூபா யோசித்து நின்றாள். அம்மா இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து துர்குனின் ஒயரில் ஏற்றினாள். அது எரிந்த பிறகு பழையதை அணைத்தாள். இதே காரியத்துக்கு மத்லூபாவின் அலுவலகத்தில் ஆறு பக்க விதிமுறை உண்டு. எழுதியவள் அவள்தான்.

மதியம் சார்ஜர் சுவரில் ஏறியது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு காரருகே வெகுநேரம் நின்றாள். பிறகு சொருகினாள். ஏழு, எட்டானது.

சாயங்காலம் அறைக்குள்ளிருந்து அம்மா கேட்டாள், "எத்தனை?"

திரையில் எண்பத்தெட்டு. மத்லூபா வாசலில் அப்பா நிற்கும் இடத்தில் நின்றாள்.

"தொண்ணூறு."

"அவரும் அப்படித்தான்" என்றாள் அம்மா. "எண்பத்தஞ்சு தாண்டினாலே தொண்ணூறும்பாரு."