அம்மா பொத்திய சத்தம்

அப்பா துபாயில் இருந்தபோது, எங்கள் ஊர் தலைச்சோலையிலிருந்து அம்மா கடிதம் எழுதமாட்டாள்; கேசட்டில் பேசித்தான் அனுப்புவாள். அவள் இறந்த பிறகு அதில் ஒரு கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். அதனால் குரல் தாழ்ந்த இடங்களை உயர்த்தி, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாக்கிப் போட்டுக் காட்டினேன்.

"நாங்க நொம்ப நல்லா இருக்கோமுங்க" என்றாள் அம்மா. அடுத்து, முன்பு வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் என் சின்ன வயதுக் குரல் கேட்டது: "அம்மா, பசிக்குது."

மைக்கைப் பொத்திக்கொண்டு அம்மா கிசுகிசுத்தாள்: "சத்தம் போடாத கண்ணு, அப்பாவுக்குக் கேட்டுரும்."

"அன்னைக்கு எனக்கு இது கேக்கவே இல்லியே, சாமி" என்றார் அப்பா.

அந்த இடத்தை மட்டும் பழையபடி தணித்துவிட்டேன். என்ன பயன்? ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் அப்பா ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொள்கிறார்.