பதினோராங் கட்டைத் தோட்டத்தில் பீவர் பாடம்

போன டிசம்பரில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கோலா கங்சாருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் வந்தேன். ஈப்போ ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள், கொஞ்சம் உரக்க. ஆனால் கூப்பிட்டது அவளுடைய தம்பி என்று தெரிந்ததும் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மச்சான் சவரிமுத்து அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குப் பள்ளிக்கூடத்தைக் கண்டால் ஆகவில்லை. பிள்ளைகள் வருவதும் குறைந்துகொண்டே போனது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகவும், பெஞ்சுகள் காலியாக இருந்தால் பெரிய பிள்ளைகளைப் புல் பிடுங்க அனுப்பிவிட்டுப் பள்ளியை மூடிவிடுவதாகவும் துரை சொல்லியிருந்தார். “மச்சான், உங்க படப்பெட்டியத் தூக்கிட்டு வாங்க. புள்ளைங்கள எப்படியாச்சும் உள்ள இழுக்கணும்” என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

கண்ணாடிப் படங்களை விளக்கு வெளிச்சத்தில் சுவரில் காட்டும் இந்தப் படப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தேன். உள்ளே நாட்டியக்காரிகள் இருக்கிறார்கள் என்று ஏலக்காரன் கண்ணடித்தான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைக் கொளுத்திப் பார்த்தால், எல்லாக் கண்ணாடிப் படத்திலும் ஒரே மிருகம். வட அமெரிக்காவில் இருக்கும் பீவராம். வெளியே வந்து, இயற்கைப் பாடப் படங்கள் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். அன்று முதல் எனக்கு வட்டாரத்தில் படித்தவன் என்று பேர்.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு ஈப்போவில் ரயில். மூன்றாம் வகுப்பு எண்பது காசு. ஜன்னலோரம் உட்காருங்கள், சுண்ணாம்புக் குன்றுகள் சுங்கை சிப்புட் வரை கூடவே வரும். கோலா கங்சாரில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே வாடகை மோட்டார் நிற்கும். என்னைக் கூட்டிப்போன மரியதாஸ் இரண்டு வெள்ளி கேட்டான். பெட்டியைக் காட்டி, என்ன அண்ணே, சவப்பெட்டியா என்றான்.

“படம் காட்டுற பெட்டி. தோட்டத்துப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் போறேன்.”

“பாடமா? அந்தப் புள்ளைங்களுக்கா? நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க.”

பதினோராங் கட்டையில், அதாவது பதினோராவது மைல்கல்லில், தார் ரோடு முடிந்தது. அங்கிருந்து செம்மண் பாதையில் ஒன்றரை மைல். மழையில் மூன்று தடவை இறங்கித் தள்ளினேன். என் உடம்பு இறங்கியதுமே வண்டி தானாக நகர்ந்துவிட்டது என்று மரியதாஸ் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

அன்று பிற்பகலே பாடம். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். படப்பெட்டி வந்த சேதி தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பரவியிருந்ததால், பெஞ்சு போதாமல் தரையிலும் பிள்ளைகள். முன்வரிசையில் பாக்கியம் என்ற பன்னிரண்டு வயதுப் பெண். “புல்லு வேலைக்கு மொதப் பேரு இவதான் மச்சான். இவ போனா பின்னாலேயே பாதிப் பேரு போயிருவாங்க” என்று சவரிமுத்து என் காதில் சொன்னான்.

சுவரில் பீவர் வந்ததும், “நீர்நாய்” என்று கத்தினார்கள். இல்லை, நீர்நாய் மீன் தின்னும், இது மரப்பட்டை தின்னும் என்றேன். தோசைக்கரண்டியைக் கவிழ்த்தது போன்ற வாலைக் காட்டினேன். ஆரஞ்சு நிறப் பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து, கிளையும் சேறும் கல்லும் வைத்து ஓடையை மறித்து அணை கட்டும். குளத்து நடுவே வீடு, வாசல் தண்ணீருக்கு அடியில், ஓநாய் நுழைய முடியாது என்றேன்.

“அதுங்களுக்குக் கங்காணி யாரு?” என்றாள் பாக்கியம்.

“கங்காணி கிடையாது.”

“அப்ப பேரு கூப்புடுறது?”

“அதுவும் கிடையாது.”

“வேலை எப்படி நடக்கும் சார்? சும்மா சொல்றாரு” என்று வாத்தியாரைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு சொன்னதுதான் எனக்கே பிடித்த பகுதி. பீவர் தனக்காகத்தான் கட்டுகிறது. ஆனால் அந்தக் குளத்துக்கு மீன் வரும், தவளை வரும், வாத்து வரும், மான் தண்ணீர் குடிக்க வரும். வெள்ளம் வேகம் குறையும். வண்டல் அடியில் தங்கும். தண்ணீர் மண்ணில் இறங்கி, கோடையிலும் சுற்றிலும் பச்சையாக இருக்கும். ஒரு பீவர் போனால் ஒரு குளத்துக் கூட்டமே போகும் என்றேன். சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். விளக்குப் புகை என்றான்.

ஞாயிறு முழுவதும் நாங்கள் கோழிக்கறியும் பெருமையுமாக இருந்தோம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் ஒரு பிள்ளை இல்லை.

சவரிமுத்துவின் முகம் சுண்ணாம்பாயிற்று. பத்து மணிக்குத் துரை குதிரையில் வந்து காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அதே சமயம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கோபாலன் முழங்கால்வரை சேறோடு ஓடி வந்தார். “தொரை, ஓடையில தண்ணி கட்டிருக்காங்க. கொசுவுக்காக நேத்து எண்ணெய் தெளிச்ச ஓடை.”

எல்லோரும் போனோம். லயத்துக்கு மேலே, பள்ளத்து ஓடையில், ரப்பர்க் கிளையும் சேறும் வைத்து நெஞ்சு உயர அணை. பிள்ளைகளை விடிகாலையிலேயே வரிசையில் நிறுத்தி, வேலைக்கு முன் பெரியவர்களுக்கு நடக்கும் பெரட்டு மாதிரியே பாக்கியம் பேர் கூப்பிட்டு, கிளை வெட்ட ஒரு கூட்டம், சேறு சுமக்க ஒரு கூட்டம், கல் பொறுக்கச் சின்னதுகள் என்று பிரித்துவிட்டிருந்தாள். கங்காணி இல்லாத பீவரை அவள் கடைசிவரை நம்பவில்லை.

“நின்ன தண்ணி, கொசு, காய்ச்சல்” என்று விரல் மடக்கினார் கோபாலன். “போன மாசம் எத்தன பேருக்குக் கொயினா மருந்து குடுத்தேன்னு தெரியுமா? ஆரு சொல்லிக் குடுத்தது?”

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். மரம் மெலிந்த மரம்.

“நான்தான். என் பள்ளிக்கூடத்துப் பாடம்” என்றான் சவரிமுத்து.

துரை அணையைச் சுற்றி வந்தார். காலால் உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. தோட்டத்தில் கற்ற தமிழில், “நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை. எல்லாம் நாளைக்குக் காட்டுக்குப் போ, புல்லு புடுங்கு” என்றார்.

சவரிமுத்து அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பதற்காக நடத்திய பாடம், அவர்கள் எவ்வளவு அருமையான கூலிகள் என்று துரைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. பாக்கியம் கையிலிருந்த சேற்றைக் கீழே போட்டாள்.

அப்போது பேசியது நான் என்று எழுத ஆசைதான். பேசியது கோபாலன்.

“தொரை, இதுங்களக் காட்டுல விட்டா எத்தன ஓடை இருக்கு நம்ம தோட்டத்துல? ஒன்னொன்னுலயும் கட்டிருவாங்க. நான் ஒருத்தன் எத்தன உடைப்பேன்? ஆஸ்பத்திரியில பாய் போட எடமில்ல. பேசாமப் பள்ளிக்கூடத்துல, கூரைக்கு அடியில உக்கார வைங்க. வாரத்துல ஒரு நாள் நானே வந்து கொசுப் பாடம் நடத்துறேன்.”

துரை யோசித்தார். காய்ச்சலில் படுத்த ஆள் ரப்பர்ப் பால் வெட்ட வரமாட்டான் என்பது அவருக்குப் புரியும் கணக்கு. பாக்கியத்தைக் காட்டி, “இது பெரிசு. இது மட்டும் போ” என்றார்.

“ஐயோ தொரை, இவதான் கங்காணி. இவள வெளிய விட்டா சாயங்காலத்துக்குள்ள ஒரு கூட்டம் சேத்துருவா. இவள மொத பெஞ்சுல வைங்க.”

துரை சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் குதிரை ஏறினார். அணையைப் பிள்ளைகளே பிரித்தார்கள், மேலிருந்து ஒவ்வொரு கிளையாக; ஒரேயடியாக உடைத்தால் கீழே துணி துவைக்கிறவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பாக்கியம் சத்தம் போட்டாள். வடிந்த குளத்தடியில் படிந்திருந்த வண்டலை என்னிடம் அள்ளிக் காட்டி, “நீங்க சொன்னது நெசம்தான்” என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரில் குடையும் மாற்று வேட்டியும் அவசியம். தோட்டத்துக்குள் போக முன்கூட்டியே ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். மாலை மூன்றரை ரயிலை விட்டால் கோலா கங்சாரிலேயே தங்க வேண்டியிருக்கும். ஒரு ஊரில் நல்லது செய்கிற பிராணி இன்னொரு ஊரில் காய்ச்சல் கொண்டுவரும். பாடம் நடத்துமுன் அந்த ஊர்த் தண்ணீர் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சவரிமுத்து இப்போது பெஞ்சு போதவில்லை என்று புலம்புகிறான்.

கிளம்பும்போது பாக்கியம் வண்டியருகே வந்து, அடுத்த தடவை எந்த மிருகம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கோபாலன் சொன்னார்: “தூங்குற மிருகம் ஏதாச்சும் இருந்தா கொண்டு வாங்க.”