படத்துக்கு ஒரு தையல் மிசின்

புத்தூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் கேட்க ஒரு வீட்டுப் படலையைத் திறக்கிறேன். கழுத்தில் கமரா தொங்குகிறது. பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் ஓடிவருகிறாள். செம்மண் கையைச் சட்டையில் துடைத்தபடி விறாந்தையில் ஏறி, தையல் மிசினை மூடியிருந்த பழைய சீலையை உருவிவிட்டு, உட்கார்ந்து மிதிக்கத் தொடங்குகிறாள்.

“படம் எடுங்கோ, சேர்.”

நான் எந்த உதவித் திட்டத்தின் ஆளும் இல்லை, தண்ணீருக்குத்தான் வந்தேன் என்கிறேன். மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நிற்கிறது.

“புருசன் இல்லாத எல்லாருக்கும் இந்த மிசின்தான் தந்தவை, அண்ணை. ஆர் ஆருக்குத் தைக்கிறது? நான் கூலிக்குப் புல்லுப் பிடுங்கித்தான் பிள்ளையளைப் படிப்பிக்கிறன்.”

“வித்துவிடலாமே?”

“மிசின் தந்தவை வந்து பாப்பினம். மிசின் இல்லையெண்டால் பிறகு ஒரு உதவியும் தராயினம்.”

செம்பில் தண்ணீர் தந்துவிட்டு, தோட்டக்காரர் ஏசுவார் என்று திரும்ப ஓடுகிறாள்.

சீலையை எடுத்து மிசினை நானே மூடப் போகிறேன். ஊசியில் நூல் இல்லை. அதன் அடியில் ஒரு நீலத் துணி கிடக்கிறது. அதில் வரிவரியாக ஊசித் துளைகள். ஒரு தையல்கூட இல்லை.