கவாத்துக் காட்டில் ஆறு முட்டைகள்

மண்டிப்போன தேயிலைச் செடியை மெஷினால் முழங்கால் உயரத்துக்குச் சீவித் தள்ளுவதற்குக் கவாத்து என்று பெயர். அதுதான் என் வேலை. ரிங்லெட் ஊருக்கு மேலே, ஓடைக்கரைத் தேயிலைக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்தபோது பெட்ரோல் தீர்ந்துபோனது. கடுப்போடு மெஷினை இறக்கினேன். பக்கத்துச் செடிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை முகம் என்னை முறைத்தது. கானாங்கோழி! மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்பார்கள். அது கொஞ்சம் நகர்ந்ததும் அடியில் ஆறு முட்டைகள் தெரிந்தன.

ஆளைக் கண்டாலே ஓடி ஒளிகிற பறவை அது. மெஷின் பக்கத்துச் செடி வரைக்கும் வந்துவிட்டது, சீவிய இலை முதுகிலேயே விழுந்து கிடக்கிறது, அது எழுந்திருக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டில் மகளிடம் சொன்னேன். பறவைப் பைத்தியம் அவள்.

“அப்பா, அது பெருங்கொக்குக்குத் தூரத்துச் சொந்தம்பா. இமயமலையத் தாண்டியே பறக்குமே, அந்தக் கொக்கு! ரெண்டுலயும் ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்கும். குஞ்சு பொரிச்சதும் சீக்கிரமே நடந்துடும்.”

“சும்மா கதை விடாத” என்றேன்.

மறுநாள் கங்காணியிடம் கூட்டைப் பற்றிச் சொல்லி, அந்தச் செடி கடைசியில் வரட்டும், மேல் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். “நாலு நாளுதான்லா. அதுக்குள்ள பொரிக்கலன்னா வெட்டிப்புடணும். துரை கேட்டா நான்தான் பதில் சொல்லணும்” என்றார்.

ஒவ்வொரு நாளும் நானே அந்தச் செடியை நெருங்கிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். ஓடையிலிருந்து ஒன்று வரும், உட்கார்ந்திருந்தது எழுந்து போகும். மகள் சொன்னது நிஜம்தான். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை ஷிப்டுகூட இவ்வளவு ஒழுங்காக மாறாது.

மூன்றாம் நாள் முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. நாலாம் நாள் மத்தியானத்துக்குள் கரித்துண்டு மாதிரி ஐந்து குஞ்சுகள் கூட்டிலிருந்து குதித்து, ஒரு பறவையின் பின்னால் ஓடைக்கு நடந்தே போய்விட்டன. இன்னொரு பறவை மட்டும் நகரவில்லை.

நாலு மணிக்குக் கங்காணி வந்தார். சுற்றிலும் எல்லாம் மொட்டை, அந்த ஒரு செடிதான் பாக்கி.

“என்னய்யா, இன்னும் நிக்குது?”

“ஒண்ணு மட்டும் வரல, கங்காணி.”

கத்தத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். “பொறு, பொறு” என்று கிசுகிசுத்தார். இரண்டு பேரும் தள்ளிப்போய் ஈர மண்ணில் குந்திக்கொண்டோம். கடைசிக் குஞ்சு அந்தப் பறவையின் வயிற்றுக்கடியிலிருந்து தலையை நீட்டியது. கூட்டின் விளிம்பில் தள்ளாடியது, தொப்பென்று விழுந்து புரண்டு எழுந்தது. ஓடைப்பக்கம் கூப்பிடுகிற குரலை நோக்கி நேராக ஓடியது. வழியை யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு? பெரிய பறவையும் எழுந்து அதன் பின்னால் போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“அடேங்கப்பா!” என்றார் கங்காணி. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, “சரி, வெட்டு” என்றார்.

மறுநாள் வேறு காடு. மெஷினைக் கிளப்புவதற்கு முன்னால் முதல் செடியை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தேன். அடுத்த செடியையும் பார்த்தேன். இருபது வருஷமாகக் கவாத்து வெட்டுகிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.